தேநீர் திரிந்த ஊர்

தேநீர்க் கோப்பையில் பாலை ஊற்றுகிறீர்கள். பால் திரிந்துபோகிறது. என்ன நினைப்பீர்கள்? பால் பழசு என்று நினைப்பீர்கள். வேறு பாலை எடுத்து ஊற்றுகிறீர்கள். அதுவும் திரிகிறது. பக்கத்து வீட்டில் கேட்டால் அங்கேயும் அதே கதை. எதிர்வீட்டிலும் அதே கதை. ஊரில் இருக்கிற பால் அத்தனையும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா? போகாது. அப்படியானால் சந்தேகம் பால் மேல் வரக்கூடாது, தண்ணீர் மேல்தான் வரவேண்டும்.

இது நான் உங்களுக்காகக் கட்டிய புதிர் இல்லை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டிருக்கும் கார்ன்வால் என்ற மாவட்டத்தில், 1988 ஜூலை 6 புதன்கிழமை மாலையிலிருந்து இப்படித்தான் நடந்தது. கேமல்ஃபோர்டு என்ற சிற்றூரிலும் அதைச் சுற்றியிருந்த கிராமங்களிலும் குழாய்த் தண்ணீர் திடீரென்று குணம் மாறிவிட்டது. குடித்தவர்கள் முகம் சுளித்தார்கள். கை கழுவியவர்களின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின. தலைக்குக் குளித்தவர்களின் முடி பிசுபிசுவென்று ஆனது. சில வீடுகளில் குளியல் தொட்டித் தண்ணீர் நீலமாகத் தெரிந்தது. வெளிர்நிற முடி உள்ள சிலருக்குத் தலைமுடி பச்சையாகவே மாறிவிட்டது! வாய்ப்புண், தோல் தடிப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பலர் அவதிப்பட்டார்கள்.

ஏறத்தாழ 20,000 பேர் அந்தத் தண்ணீரை நம்பியிருந்தார்கள். அது ஜூலை மாதம், அங்கே விடுமுறைக்காலம். கடற்கரையைப் பார்க்கவும், ஆர்தர் மன்னன் கதையோடு சேர்த்துப் பேசப்படும் டின்டாஜல் கோட்டையைப் பார்க்கவும் வந்த சுற்றுலாப் பயணிகளும் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

திரிந்த பால், ஒட்டும் விரல், பச்சை முடி. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கும் என்றுதான் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் மூலகாரணம் ஒரே பொருள். அந்தப் பொருளின் உறவுக்காரர் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். அவர் பெயர் படிகாரம்.

நாட்டுமருந்துக் கடையில் கேட்டால் கற்கண்டு போன்ற வெள்ளைக் கட்டியை எடுத்துத் தருவார்கள். முடிதிருத்தும் கடையில் சவரக்கத்தி கீறிய இடத்தில் அதைத்தான் தேய்ப்பார்கள். திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்கவிடுவதும் உண்டு. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கவும் நம் ஊரில் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். படிகாரம் என்பது பொட்டாசியம், அலுமினியம் இரண்டும் சேர்ந்த சல்ஃபேட் உப்பு. தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களில் பெரும்பாலும் பொட்டாசியம் இல்லாத அலுமினியம் சல்ஃபேட்டை வாங்குவார்கள். வேலை செய்வது இரண்டிலும் அலுமினியம்தான்.

அது என்ன வேலை என்பதை நீங்களே பார்த்துவிடலாம். இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் எடுத்துக் கொஞ்சம் களிமண்ணைக் கரையுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை படிகாரத் தூளைப் போட்டு மெதுவாகக் கலக்கி, இரண்டையும் அசைக்காமல் வையுங்கள். படிகாரம் போட்ட டம்ளரில் கொஞ்ச நேரத்தில் சிறுசிறு பிசிறுகள் உருவாகும். அவை ஒன்றுசேர்ந்து பெருத்து அடியில் போய்ப் படியும். மேலே தெளிவான தண்ணீர் நிற்கும். மற்ற டம்ளர் அப்போதும் கலங்கலாகவே இருக்கும். (தெளிந்துவிட்டதே என்று குடித்துவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அதில் அப்படியே இருக்கலாம்.)

ஏன் இப்படி ஆகிறது? களிமண்ணின் நுண்துகள்கள் எல்லாவற்றின் மேலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரே வகை மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு துகளுக்குப் பக்கத்தில் இன்னொரு துகள் வந்தால் இரண்டும் விலகிப் போகும். ஒன்றுசேர முடியாது. தனித்தனியாக நின்றால் மூழ்குகிற அளவுக்கு எடையும் இருக்காது. அதனால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும். அலுமினியமோ தண்ணீரில் கரையும்போது மூன்று நேர்மின்னூட்டங்களோடு வருகிறது. துகள்களின் எதிர்மின்னூட்டத்தை அது தீர்த்துவிடுகிறது. தள்ளிவிடும் விசை போனபிறகு துகள்கள் ஒட்டிக்கொள்ளத் தடை என்ன? போதாததற்கு அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வெண்மையான பிசிறுகளாகவும் மாறும். அந்தப் பிசிறுகள் அழுக்கைச் சேர்த்து அள்ளிக்கொண்டு அடியில் இறங்கிவிடும். நம் முன்னோர் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துத் தண்ணீரைத் தெளியவைத்தார்களே, அங்கேயும் கொட்டையில் உள்ள பொருள்கள் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும் வேலையைத்தான் செய்கின்றன.

இனி பாலுக்கு வருவோம். பால் வெள்ளையாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக அதில் மிதப்பதுதான். அந்த உருண்டைகளின் மேலும் எதிர்மின்னூட்டம் உண்டு. அவையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டுதான் மிதக்கின்றன. எலுமிச்சைச் சாற்றை விட்டால் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தீர்த்துவிடும். உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும். பால் திரியும். அதாவது சேற்றுநீர் தெளிவதும் பால் திரிவதும் அடிப்படையில் ஒரே நிகழ்ச்சி! முன்னதை நாம் சுத்தம் என்கிறோம், பின்னதைக் கெட்டுப்போனது என்கிறோம். இனிப்புக்கடைக்காரர்களுக்கு இது புதிதில்லை. கலாகந்த் மணல்மணலாக வருவதற்காகக் கொதிக்கும் பாலில் துளி படிகாரம் போடுகிறவர்கள் உண்டு.

கேமல்ஃபோர்டு வீடுகளில் தேநீர் திரிந்ததன் ரகசியம் இப்போது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரு கேள்வி பாக்கி. தண்ணீரைச் சுத்தப்படுத்தப் போடும் மருந்து எப்படி அவ்வளவு அதிகமாகக் குழாய்க்குள் வந்தது?

அந்தப் பகுதிக்குத் தண்ணீர் க்ரௌடி என்ற நீர்த்தேக்கத்திலிருந்து வந்தது. அது பாட்மின் மூர் என்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது. அடியில் கருங்கல் பாறை. மேலே பாசியும் புல்லும் பாதி மக்கி, ஈரத்தில் ஊறிக்கிடக்கும் மண். பீட் என்று அதைச் சொல்வார்கள். அந்த மண்ணில் ஊறி வரும் தண்ணீருக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறமும் லேசான அமிலத்தன்மையும் இருக்கும். அந்த நிறத்தை எடுக்கத்தான் அலுமினியம் சல்ஃபேட். லோயர்மூர் என்ற இடத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருந்தது. அங்கே இந்த மருந்தை அளந்து சேர்ப்பார்கள், பிசிறுகளைப் படியவைப்பார்கள், வடிகட்டுவார்கள். கடைசியில் குளோரின் கலந்து, கிருமிகள் சாகும்வரை ஒரு பெரிய தொட்டியில் தண்ணீரைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பார்கள். அந்தத் தொட்டியைத் தாண்டினால் நேரே ஊருக்குப் போகும் குழாய்தான். நடுவில் வேறு வடிகட்டி எதுவும் கிடையாது.

ஜூலை 6ஆம் தேதி மாலை ஒரு டேங்கர் லாரி 20 டன் அலுமினியம் சல்ஃபேட் கரைசலோடு அங்கே வந்தது. வழக்கமாக வரும் ஓட்டுநர் அன்று வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்தவருக்கு அந்த இடம் புதிது. நிலையத்தில் ஆளே இல்லை. ஆளில்லாமலே இயங்கும்படி அமைத்திருந்தார்கள். அவருக்குக் கிடைத்திருந்த வழிகாட்டல் இவ்வளவுதான்: கதவைத் தாண்டியதும் தொட்டி இடப்பக்கம் இருக்கும். கையில் ஒரு சாவி கொடுத்திருந்தார்கள். இடப்பக்கத்தில் ஒரு மூடி இருந்தது. சாவியைப் போட்டார், பூட்டு திறந்தது. சரியான தொட்டிதான் என்று நினைத்து முழு லாரியையும் அதில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

அது மருந்துத் தொட்டி இல்லை. சுத்தமாகி, ஊருக்குப் புறப்படத் தயாராக நின்ற குடிநீர்த் தொட்டி.

பூட்டு எப்படித் திறந்தது என்று கேட்பீர்கள். தண்ணீர் வழங்கிய தென்மேற்கு நீர் ஆணையம் தன்னுடைய பூட்டுகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரே சாவியை வைத்திருந்தது. யாரும் நுழைந்துவிடாமல் தடுப்பது பூட்டின் ஒரு வேலை. "இது நீ தேடி வந்த இடம் இல்லை" என்று தவறாக வந்தவருக்குச் சொல்வது இன்னொரு வேலை. ஒரே சாவி எல்லாவற்றையும் திறந்தால் அந்த இரண்டாவது வேலை நடக்காது. எனக்கு அந்த ஓட்டுநர்மேல் கோபம் வருவதில்லை. புது இடம், ஆளில்லாத நிலையம், பெயர்ப்பலகையைவிட வாய்வார்த்தையை நம்பவேண்டிய நிலைமை. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் தப்பு நடக்க வாய்ப்பு அதிகம். ரசாயனத் தொட்டி ஒவ்வொன்றுக்கும் தனிப்பூட்டு போடலாம். மருந்துக்கு மருந்து குழாய் மூட்டின் அளவை மாற்றிவைத்தால், தவறான தொட்டியில் லாரிக் குழாய் பொருந்தவே பொருந்தாது. மனிதர்கள் மறப்பார்கள், குழம்புவார்கள் என்று முன்கூட்டியே எண்ணி அமைப்பதுதான் நல்ல பொறியியல்.

சரி, 20 டன் இறங்கிவிட்டது. தண்ணீருக்குள் என்ன ஆயிற்று?

அலுமினியம் தண்ணீரோடு வினைபுரிந்து வெள்ளைப் பிசிறாக மாறும் என்றேன் அல்லவா? அப்படி மாறும்போது அது தண்ணீர் மூலக்கூறிலிருந்து ஹைட்ராக்சைடு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். மிச்சமாக ஹைட்ரஜன் அயனி வெளியே வரும். ஒரு அலுமினியம் அயனி முழுதாக வினைபுரிந்தால் மூன்று ஹைட்ரஜன் அயனிகள். ஹைட்ரஜன் அயனி பெருகினால் தண்ணீர் அமிலமாகும். சாதாரணமாகச் சேர்க்கும் அளவில் இந்த அமிலம் கொஞ்சம்தான். சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்துவிடுவார்கள். லாரிக் கணக்கில் கொட்டினால் கந்தக அமிலத்தை ஊற்றியது போலத்தான். அந்த ஊர்த் தண்ணீருக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. கருங்கல் பகுதியில் வரும் தண்ணீர் மென்னீர். சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புக்கரிக்கும், பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும், சோப்பு நுரைக்காது என்று நாம் குறைப்படுகிறோம். ஆனால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புப் பொருள் ஓரளவு அமிலத்தை விழுங்கிவிடும். மென்னீருக்கு அந்தத் தடுப்பு இல்லை.

அமிலமான தண்ணீர் குழாய்க்குள் சும்மா ஓடுமா? அந்த ஊர் வீடுகளில் செம்புக் குழாய்கள் இருந்தன. பழைய குழாய்களில் ஈயமும் உண்டு. குழாயின் உட்புறத்தில் பல ஆண்டுகளாகப் படிந்து உலோகத்தைக் காத்துவந்த மெல்லிய படலத்தை அமிலம் கரைத்தது, உலோகத்தையும் கரைத்தது. லாரியில் வந்தது அலுமினியம் சல்ஃபேட் மட்டும்தான். ஆனால் வீட்டுக் குழாயில் கொட்டியது அதோடு செம்பு, ஈயம், துத்தநாகம் எல்லாம் கலந்த தண்ணீர். எந்த வீட்டில் எது எவ்வளவு என்பது அந்த வீட்டுக் குழாயைப் பொறுத்தது.

தொட்டித் தண்ணீர் நீலமாகத் தெரிந்ததற்குச் செம்புதான் காரணம். மயில்துத்தத்தின் நீலமும் செம்பின் நீலமே. முடி பச்சையானதும் செம்பால்தான். அது முடியில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெளிநாட்டு நீச்சல் குளங்களில் நீந்துகிற வெளிர்முடிக்காரர்களுக்கும் சில சமயம் இப்படிப் பச்சை ஏறுவதுண்டு. பலரும் குளோரின்மேல் பழி போடுவார்கள், ஆனால் காரணம் தண்ணீரில் கரைந்த செம்பு. நம்முடைய கறுப்பு முடியில் இது ஏறினாலும் கண்ணில் படாது. விரல்கள் ஒட்டியதற்கு விடை முடிதிருத்தும் கடையில் இருக்கிறது. அலுமினிய உப்பு, தோலின் மேற்பரப்பிலும் ரத்தத்திலும் உள்ள புரதங்களை இறுகவைக்கும். கீறலில் ரத்தம் நிற்பதற்கும் அதுவே காரணம். ஒரு கல்லைத் தேய்க்கும்போது அது மருந்து. குளிக்கிற தண்ணீர் முழுவதும் அப்படி இருந்தால்?

அளவைப் பாருங்கள். குடிநீரில் அலுமினியம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது ஐரோப்பாவில் அப்போது இருந்த வரம்பு. தூள் உப்பில் மூன்று நான்கு பரல்களை எண்ணி எடுத்தால் ஏறத்தாழ அந்த எடைதான் இருக்கும். கேமல்ஃபோர்டு பகுதியில் பதிவான மிக அதிக அளவு லிட்டருக்கு 620 மில்லிகிராம். வகுத்துப் பாருங்கள்: 3,100 மடங்கு! எல்லா வீட்டுக்கும் அவ்வளவு போகவில்லை. குழாய் வலையில் மாசு ஒரே சீராகப் பரவாது. ஒரு தெருவில் இரவில் வந்து விடிவதற்குள் போயிருக்கும். இன்னொரு தெருவில் மறுநாள் வரும். கடைக்கோடி வீட்டில் நாள்கணக்கில் தேங்கி நிற்கும்.

மக்கள் புகார் சொல்லாமல் இல்லை. தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்கப் பாதுகாப்பானதுதான் என்று ஆணையம் பதில் சொன்னது. சுவை பிடிக்காவிட்டால் ஆரஞ்சுச் சாறு கலந்து குடிக்கலாம் என்றுகூட யோசனை சொல்லப்பட்டது. அமிலத்தோடு இன்னொரு அமிலம்! என்ன நடந்தது என்ற உண்மையை ஊருக்கு வெளிப்படையாகச் சொல்ல இரண்டு வாரங்களுக்கு மேல் ஆயிற்று.

இதில் என்னை உறுத்துவது இதுதான். முதல்நாள் மாலையிலேயே அந்த ஊரின் ஒவ்வொரு தேநீர்க் கோப்பையும் ஒரு ரசாயனப் பரிசோதனையைச் செய்து, முடிவையும் காட்டிவிட்டது. தண்ணீரில் அமிலம் இருக்கிறது, புரதத்தைத் திரட்டும் பொருள் இருக்கிறது என்று அது சொன்னது. பச்சை முடியும் நீலத் தொட்டியும், குழாயின் செம்பு கரைகிறது என்று சொன்னன. வேதியியல் படித்த ஒருவர் இந்தப் புகார்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்திருந்தால், எதைத் தேடவேண்டும் என்பதை ஊகித்திருக்கலாம். புகார் என்றால் தொந்தரவு என்று நினைத்துவிட்டார்கள். அறிவியலில் அதற்குப் பெயர் தரவு.

இதற்கிடையில் கெட்ட தண்ணீரைக் குழாய்களிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. திறந்துவிட்டார்கள். அது கேமல், ஆலன் என்ற இரண்டு ஆறுகளில் போய்ச் சேர்ந்தது. அங்கே சால்மனும் ட்ரௌட்டும் பல்லாயிரக்கணக்கில் செத்து மிதந்தன. மீன் அலுமினியத்தைக் குடித்துச் சாகவில்லை. அமில நீரில் கரைந்திருக்கும் அலுமினியம் மீனின் செவுளைத் தொட்டதும் அங்கே பிசிறாகப் படியும். சேற்றுநீர் டம்ளரில் நீங்கள் பார்த்த அதே பிசிறுதான். செவுள் அடைபடும், மூச்சு முட்டும், உடம்பின் உப்புச் சமநிலையும் குலையும்.

அந்தத் தண்ணீரைக் குடித்த மனிதர்களுக்கு என்ன ஆயிற்று? முதல் சில நாட்களில் வந்த தொல்லைகளை மேலே சொன்னேன். பலருக்கு அவை தீர்ந்துவிட்டன. சிலர் மூட்டுவலி, ஞாபகமறதி, கவனக்குறைவு ஆகியவை பல ஆண்டுகள் தொடர்ந்ததாகச் சொன்னார்கள். விவாதம் அங்கேதான் தொடங்கியது.

ஆரோக்கியமானவர் அலுமினியத்தை விழுங்கினால் அதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது. சேர்ந்ததையும் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக இருக்கும் உலோகமே அலுமினியம்தான், எனவே நாம் தினமும் கொஞ்சம் விழுங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் அது மூளைக்குள் போனால் தீங்கு செய்யும் என்பதும் தெரிந்த விஷயமே. 1970களில் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்ட நோயாளிகள் சிலருக்குப் பேச்சு குழறியது, நினைவு தப்பியது. தேடிப் பார்த்தபோது, டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பயன்படுத்திய தண்ணீரில் அலுமினியம் இருந்தது. குடலைக் கடந்து வரவேண்டிய அவசியமில்லாமல் அது நேரே ரத்தத்தில் கலந்துவிட்டது. அதை வெளியேற்றச் சிறுநீரகமும் இல்லை. இன்றைக்கு டயாலிசிஸ் தண்ணீரைத் தனியாகச் சுத்திகரிப்பது அதனால்தான்.

கேமல்ஃபோர்டுக்காரர்களின் நிலைமை இந்த இரண்டுக்கும் நடுவில். அரசு அமைத்த குழு 1989லும் 1991லும் அறிக்கை தந்தது. நீண்டகாலப் பாதிப்புக்கு வாய்ப்பு குறைவு, பயமும் கவலையும்தான் பல தொல்லைகளுக்குக் காரணம் என்ற பாணியில் அது பேசியது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! 1999ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாதிக்கப்பட்ட 55 பேரைச் சோதித்து, அவர்களுடைய மூளையின் செயல்பாட்டில் குறை தெரிகிறது என்று அது சொன்னது. சோதனைக்கு வந்தவர்கள் ஏற்கெனவே தொல்லை இருந்ததாகச் சொன்னவர்கள்தானே, அதை வைத்து ஊர் முழுவதற்கும் முடிவு கட்டலாமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். 2013ல் இன்னொரு குழு தன் இறுதி அறிக்கையில், நீண்டகாலத் தீங்கு ஏற்பட்டிருக்க வாய்ப்பு குறைவு என்றது. அதே ஆண்டு பிரிட்டன் அரசு மன்னிப்பும் கேட்டது. அதற்கு முன்பே, 1991ல், நீர் ஆணையம் பொதுமக்களின் உடல்நலத்துக்குக் கேடான தண்ணீரை வழங்கியதற்காக நீதிமன்றம் 10,000 பவுண்டு அபராதம் விதித்திருந்தது.

விஞ்ஞானிகளுக்கு ஏன் 25 ஆண்டுகள் ஆகியும் அடித்துச் சொல்ல முடியவில்லை? யார் எவ்வளவு குடித்தார்கள் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. தேவையான வீடுகளில் தேவையான நேரத்தில் தண்ணீர் மாதிரி எடுக்கப்படவில்லை. ரத்தத்தில் ஏறிய அலுமினியம் சீக்கிரம் வெளியேறிவிடும் என்பதால் உடனே சோதித்திருக்க வேண்டும், அதுவும் நடக்கவில்லை. "ஒன்றும் ஆகாது" என்று முதலில் சொல்லிவிட்டால், பிறகு அளக்கவேண்டும் என்ற எண்ணம் யாருக்கு வரும்?

கேமல்ஃபோர்டில் தண்ணீர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்தது. ஒருவகையில் அது அதிர்ஷ்டம். எல்லா நஞ்சும் அப்படிக் காட்டிக்கொடுக்காது. தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆர்சனிக் அதைவிடக் கள்ளம். வங்கதேசத்தில் குளத்துநீரால் வரும் கிருமிநோய்களைத் தவிர்க்கலாம் என்று லட்சக்கணக்கில் அடிகுழாய்கள் போட்டார்கள். தெள்ளத் தெளிவான தண்ணீர் வந்தது. அதில் நிலத்தடி மண் படிவுகளிலிருந்து கரைந்த ஆர்சனிக் இருக்கிறது என்பது 1990களில்தான் பரவலாகத் தெரிந்தது. பிறகு ஒவ்வொரு குழாயாகச் சோதித்து, ஆர்சனிக் அதிகமுள்ள குழாய்க்குச் சிவப்பும் மற்றதற்குப் பச்சையும் பூசினார்கள். நம் தருமபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். பற்களில் பழுப்புக் கறை ஏறிய பிறகுதான் அது வெளியே தெரியும். நாக்கு அதைக் கண்டுபிடிக்காது.

வீட்டுக்கு வரும் விற்பனையாளர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் விட்டு எண் காட்டுவார், பார்த்திருப்பீர்கள். தண்ணீர் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை அது அளக்கும். அதிலிருந்து மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டும். கேமல்ஃபோர்டில் அன்றைக்கு அதை வைத்திருந்தால் எண் எகிறியிருக்கும். ஆனால் ஒரு லிட்டரில் ஈயம் மிகச் சிறிதளவு கலந்திருந்தால் அந்த எண் அசையக்கூட அசையாது. அந்தச் சிறிதளவே குழந்தைகளுக்குக் கெடுதல். ஆகவே குறைந்த எண் என்றால் நல்ல தண்ணீர் என்று அவர் சொன்னால், "ஈயம் எவ்வளவு என்று இது காட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் குழாயில் ஒருநாள் தண்ணீர் நிறமோ மணமோ மாறி வந்தால், முதலில் குடிப்பதை நிறுத்துங்கள். சமைக்கவும் வேண்டாம், கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உலோகம் சாகாது, தண்ணீர் ஆவியாகி அதன் செறிவு கூடத்தான் செய்யும். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு எல்லாவற்றையும் கீழே கொட்டுவதற்கு முன்னால், சுத்தமான ஒரு பாட்டிலில் கழுத்துவரை பிடித்து மூடுங்கள். எந்தக் குழாய், என்ன தேதி, எத்தனை மணி என்று ஒரு தாளில் எழுதி அதன்மேல் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டிலும் அப்படி வருகிறதா என்று விசாரித்து அதையும் எழுதுங்கள். பெரியவர்களிடம் சொல்லி நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தெரியப்படுத்துங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் தண்ணீர்ப் பரிசோதனைக்கூடங்கள் இருக்கின்றன; அந்தப் பாட்டிலை அங்கே எப்படிக் கொடுப்பது என்று கேட்கச் சொல்லுங்கள். சில சோதனைகளுக்குத் தண்ணீரைக் குறிப்பிட்ட வகைப் பாட்டிலில் பிடிக்கவேண்டும் என்பார்கள். அப்படியானால் அதையும் தனியாகப் பிடித்துக் கொடுங்கள். முதலில் பிடித்த பாட்டிலை மட்டும் யாரும் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.